கோரை இறுக்குங்கண்ணா

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் என் அப்பா ஜிம்மில் சேர்ந்தார். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர் ஜிம்முக்குப் போனால் எங்கள் தெருவில் அது பெரிய செய்திதான். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவருடைய வயிற்றுக்கும் சட்டையின் நான்காவது பொத்தானுக்கும் ஓயாத சண்டை நடந்துகொண்டிருந்தது. நாசிக் பக்கம் எங்கேயோ ஸ்டெப்னி டயரைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு டிரைவர் வண்டியை ஓட்ட, அப்பா பின்சீட்டில் படுத்தபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

முதுகைத் தாங்குவது முதுகு மட்டுமில்லை, வயிற்றைச் சுற்றியுள்ள தசையும்தான் என்றார் டாக்டர். வலி அடங்கியதும் அதை உறுதியாக்க வேண்டும், அதுவரை ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் வலி அடங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அப்பா ஜிம்முக்குக் கிளம்பினார். அளவு மீறி எதையாவது தூக்கிவிடுவாரோ என்று பயந்து அம்மா என்னையும் காவலுக்கு அனுப்பினாள்.

ஜிம் மாஸ்டர் ஆத்தூர்க்காரர், கல்யாணமாகாத இளைஞர். முதல் நாளே வெறும் கம்பியைத் தரையில் வைத்து, அதைத் தூக்கச் சொன்னார்.

"தூக்கறதுக்கு முன்னாடி கோரை இறுக்குங்கண்ணா."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "கோரைப் பாயிங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. கோர் என்றால் நடு உடம்பு, வயிறு, இடுப்பு, அடிமுதுகு எல்லாம் சேர்ந்தது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு, லைசென்சுக்குப் போட்டோ எடுக்கும்போது செய்வதைப் போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள இழுக்காதீங்கண்ணா. யாராச்சும் வயித்துல குத்த வந்தா எப்படி இறுக்குவீங்க, அப்படி."

"என்னைய எவனுங்க குத்துவான்?" என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே எதிரிகள் கிடையாது.

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றார். முகம் தக்காளியாகச் சிவந்ததே தவிர வயிறு அசையவில்லை. மூச்சை விடச் சொன்னால் எல்லாவற்றையும் சேர்த்து விட்டார். பத்து நாள் இதே கதைதான். கம்பியைப் பாதி தூக்குவதற்குள் முதுகு வளைந்துவிடும். மாஸ்டர் ஓடிவந்து பிடித்துக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அப்பா வயிற்றை இறுக்கிப் பார்த்துக்கொண்டே வருவார். லாரி ஓனர் வேறு, எப்போது வருவாய் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

அம்மா மட்டும் அந்த நாட்களில் உற்சாகமாக இருந்தாள். எங்கள் வீட்டில் அப்பா என்றால் மாதத்தில் நாலைந்து நாள் வந்து தூங்கிவிட்டுப் போகிறவர். இப்போது அவர் சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போனார். ஜிம்மில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அம்மா தினமும் ஏதாவது சுட்டுவைத்தாள். "பாவம், ஊட்டுச் சோத்த என்னைக்குத் தின்னாரு" என்பாள். அம்மாவுக்கு உடற்பயிற்சியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று நான் கவலைப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூடத்தில் மல்லாந்து படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் செய்ததைப் போல அவர் வயிற்றின் மேல் உட்காரலாம் என்று போனேன். நான் உட்காருவதற்கு ஒரு கணம் முன்பே அவர் வயிறு பலகையாக இறுகிவிட்டது.

"எறங்கு சாமி. முன்ன மாதிரியா இருக்கற, நெல்லு மூட்டையாட்டம் கனக்கற" என்றார். பேசுகிறார், மூச்சும் விடுகிறார், வயிறோ அப்படியே கல்லாக இருக்கிறது.

"அப்பா, இதானுங்க கோரு" என்றேன்.

அப்பா டிவியை அணைத்தார். தன் வயிற்றைத் தானே தட்டிப் பார்த்தார். என்னை இறங்கச் சொல்லி மறுபடி உட்காரச் சொன்னார். ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். கடைசி இரண்டு முறை நான் உட்காராமலே, வருவது போலப் பாவனை மட்டும் செய்தேன். அதற்கும் இறுகியது.

மறுநாள் ஜிம்மில் அப்பா கம்பியைப் பிடித்துக் குனிந்ததும் நான் எதிரே நின்று, "உக்கார வாரேன்" என்றேன். முதுகு வளையவில்லை. கம்பி நேராக மேலே வந்தது. மாஸ்டர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களிடமெல்லாம், "பாப்பா வயித்துமேல உக்கார வருதுன்னு நெனச்சுக்கங்கண்ணா" என்று சொல்ல ஆரம்பித்தார். மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி எடை தூக்கினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதன்பின் வாரத்துக்கு வாரம் எடை ஏறியது. பள்ளி திறப்பதற்கு முன்பே, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே குஜராத்துக்கு லோடு தயாராக இருந்தது.

புறப்படும் காலையில் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, இன்னொரு மாசம் பழகுனா இன்னும் கெட்டியாகுமல்லங்க?"

"எதுக்கு? அதான் பாப்பா ரெண்டே நாள்ல சொல்லிக் குடுத்துட்டாளே" என்றார் அப்பா, பெருமையாக.

நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். "நான் மட்டும் சொல்லியிருக்காட்டி அப்பா இன்னும் ஊட்லயேதான் இருந்திருப்பாரு, இல்லீங்கம்மா?"

"ஆமா சாமி" என்றாள் அம்மா. அப்பாவின் சட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டு, என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவை வழியனுப்ப நான் வாசலுக்கு ஓடினேன்.