பன்னிரண்டு நாள் மஞ்சள்: பாகான் செராயிலிருந்து ஈப்போவுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஈப்போவுக்குப் போனேன். இந்த முறை ஊர் சுற்ற அல்ல, என் கணவர் சேகரைப் பிழைக்கவைக்க. பித்தக் கல்லுக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், வெட்கத்தோடு.

அவருக்கு வயிற்றுவலி வந்து கண் மஞ்சளானதும் நான் டாக்டரைத் தேடவில்லை. ரப்பர் எஸ்டேட் லயத்தில் பிறந்த எங்களுக்கு மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லிதான். வேலியோரம் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தேன். சாப்பாட்டில் எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. எண்ணெயை நிறுத்தியதில் வயிற்றுவலி அடங்கிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் இரவு அவருக்குக் குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

மறுநாள் காலை 6.10-க்குப் புறப்பட்டோம். மணியம் அண்ணனின் வாடகைக் கார், 98 கிலோமீட்டர், 160 ரிங்கிட். சேகர் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு பின்சீட்டில் சுருண்டிருந்தார்.

"கொஞ்சம் மெதுவா போலாமாண்ணே? குலுங்குனா வலிக்குது" என்றார், ஈப்போவை நெருங்கி செமோர் பக்கம் வரும்போது.

"மெதுவா போனா ஜாம்ல மாட்டிக்குவோம் லா. பொறுத்துக்கப்பா, இன்னும் கொஞ்ச தூரந்தான்."

7.45-க்கு மருத்துவமனை வாசல். 9.40-க்கு ஸ்கேன் முடிந்தது. பித்தப்பையில் கற்கள், அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. டாக்டர் எங்கள் தமிழ்ப் பெண், பொறுமையாகச் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. ஒண்ணு, வயித்துல நாலு சின்ன ஓட்டை போட்டு, பையையும் குழாய்க் கல்லையும் ஒரே ஆப்பரேசன்ல எடுக்கறது. இன்னொண்ணு, வாய் வழியா கேமரா விட்டு மொதல்ல குழாய்க் கல்ல மட்டும் எடுக்கறது. அதுக்கு வெட்டு கெடையாது. ஆனா பைய எடுக்க அப்புறம் இன்னொரு தடவ படுக்கணும். கண்ணு எப்பலேருந்து மஞ்சளா இருக்கு?"

"மூணு நாளா. காய்ச்சல்லாம் இல்ல டாக்டர்" என்றார் சேகர், என்னைப் பார்க்காமல். மாத்திரையின் தயவில் உடம்பும் சுடவில்லை.

"அப்ப மருந்து ஏத்துவோம். நாளைக்கழிச்சு ஒரேயடியா முடிச்சிரலாம்."

டாக்டர் திட்டிலிருந்தும் மாமியார் வாயிலிருந்தும் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார் என்று புரிந்தது. நானும் பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்ல டாக்டர், பன்னெண்டு நாளாச்சு. நாந்தான் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். ராத்திரி ஒடம்பு ஒதறுச்சு. காலையில மாத்திர போட்டுருக்காரு."

டாக்டர் திட்டவில்லை. உடனே எழுந்து போய் யாருக்கோ போன் செய்தார். மதியம் 2 மணிக்கே வாய்வழிக் கேமரா. கல்லுக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்ததாம். "நாளைக்கழிச்சு வரைக்கும் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்க்கா" என்றார். காய்ச்சல் முழுதும் இறங்கி, ஐந்தாம் நாள் பித்தப்பையை எடுத்தார்கள். இரண்டு நாளில் வீடு.

எந்த வழி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். கிருமி இருக்கிறதா, கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண் மஞ்சளான தேதியையும், நாட்டு மருந்து உட்படக் கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாற்றுத்துணிக்கு முன்னால் அதைப் பையில் வையுங்கள்.

திரும்பும் வழியில் சேகர் கேட்டார்: "ஏன் சொன்ன? எங்கம்மா ஒன்ன சும்மா விடுவாங்களா?"

"திட்டட்டும். பக்கத்துல ஒக்காந்து கேக்கறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல."