பிரேக்கை அழுத்த ஓர் ஆள்

காரின் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால், இன்ஜினின் ஓரத்தில் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு புல்லி தெரியும். கிராங்க் புல்லி என்பார்கள். இன்ஜினோடு அதுவும் சுற்றும். அதில் மாட்டிய பெல்ட் டைனமோவைச் சுழற்றும். டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். இதெல்லாம் எனக்கு நாற்பத்தெட்டு வயதில், என் வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. அதுவரை அந்தக் காரைப் பழுது பார்ப்பதில் என் வேலை ஒன்றே ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்துவது.

அவர் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கே.கே. நகர் வீட்டு வாசலில் காரைப் பிரித்துப் போட்டுவிடுவார். "அழுத்து" என்பார், அழுத்துவேன். "விடு" என்று சொல்ல மட்டும் மறந்துவிடுவார். ஒருமுறை கால் மரத்துப்போகும்வரை அழுத்திக்கொண்டிருந்துவிட்டு எட்டிப் பார்த்தால், மனுஷர் வீட்டுக்குள் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சண்டை போட நிறைய நேரம் இருந்தது.

அவர் போன பிறகு காரை நான்தான் ஓட்டினேன். கொஞ்ச நாளில் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது. பிறகு பேட்டரி படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "புல்லிக்கு நடுவுல இருக்குற ரப்பர் விட்டுப்போச்சுக்கா, அதான் ஆடுது. மாத்தணும்" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவரிடமே வேலையைக் கொடுத்திருப்பேன். "ஆனா அண்ணே இல்லாத வீட்டுல காரு எதுக்குக்கா? பேசாம குடுத்துருங்க" என்றார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.

மெக்கானிக் யாரிடம் சொன்னாரோ, அந்த வாரமே கொழுந்தன் போன் செய்தான். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவன். நான் வாக்கப்பட்டு வந்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான்.

"மதினி, காரும் நின்னுபோச்சாம்ல. அத வித்துருவோம். வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துருங்க. மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். ஒத்தையில எம்புட்டு நாளைக்கு இருப்பீங்க?"

"கார் நல்லாத்தான் ஓடுது" என்றேன். வாய் கூசாத பொய்.

"ஓடுதா? அப்பச் சரி, ஞாயித்துக்கெழம வாரேன். ஓடுனா நான் இதப் பத்திப் பேசல. ஓடலைன்னா நீங்க பேசக்கூடாது."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று வேளையும் சூடாகச் சோறு போடுவார்கள். ஆனால் மாடி அறையில் உட்கார்ந்து, கீழே சாப்பிடக் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பது என்னால் ஆகாது. என் வீட்டில் நான் அழுதால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அந்த வசதியை விட எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை பேட்டரியை ஆட்டோவில் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றினேன். கோரிப்பாளையத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் புதுப் புல்லி வாங்கினேன். "மாட்டுறதுக்கு ஆள் இருக்காம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை நைட்டிக்கு மேல் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஜாக்கி ஏற்றி, இரும்பு ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டையும் எடுத்துவிட்டேன். ஆஹா, இவ்வளவுதானா என்று இருந்தது. புல்லியின் நடுவில் ஒரே ஒரு பெரிய போல்ட் பாக்கி.

அந்த ஒரு போல்ட்டில்தான் சங்கதி இருந்தது. ஸ்பேனரை மாட்டித் திருகினால் போல்ட் கழலவில்லை, இன்ஜினும் சேர்ந்து சுற்றியது. அது சுற்றாமல் இருக்க வேண்டுமென்றால் வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்த வேண்டும். இன்னொருவர் திருக வேண்டும். இத்தனை வருடம் எதற்காக அழுத்தினேன் என்பது அப்போதுதான் விளங்கியது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பார்த்தேன். அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும்; எங்கள் காரில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. தரை துடைக்கும் மாப் கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். ஸ்பேனர் பிடியில் நீளத்துக்காக ஓர் இரும்புத் தண்ணீர்ப் பைப்பைச் செருகி முழுப் பலத்தோடு அழுத்தியபோது கட்டை நழுவியது. நான் போய் மட்காடில் நெற்றியை இடித்துக்கொண்டேன். செங்கல் வைத்தேன். அரிசிப் பையை வைத்தேன். எதுவும் நிற்கவில்லை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பழமொழியின் மேல் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

எதிர்வீட்டில் இருந்தது சௌராஷ்டிரக் குடும்பம். சாயங்காலம் கணவனும் மனைவியும் கேட்டருகே நின்று தங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சாக்கடை அடைப்பைப் பற்றியோ நாளைக்கு என்ன குழம்பு என்றோ பேசியிருப்பார்கள். அதையே வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் அந்த அம்மா வந்திருப்பார். ஆனால் இவர் இறந்த துஷ்டிக்கு வந்தபோது வைத்திருந்த அதே முகத்தோடு வருவார். அந்த முகத்துக்குப் பயந்து கூப்பிடவில்லை. கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் படியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா போல்ட்டுக்காக அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே கொழுந்தன் பைக்கில் வந்துவிட்டான். கையில் ஒரு பை மொச்சைக்காய். ஒற்றைச் சக்கரம் இல்லாமல் நின்ற காரைப் பார்த்தான், என் காக்கிச் சட்டையைப் பார்த்தான், நெற்றி வீக்கத்தைப் பார்த்தான்.

"அப்ப ஓடல" என்றான்.

"ஞாயித்துக்கெழம முடிய இன்னும் நேரம் கெடக்கு. வந்தது வந்த, உள்ள உக்காந்து பிரேக்க அழுத்து."

சிரித்தான். பையைப் படியில் வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தான். நான் குனிந்து பைப்பைப் பிடித்தேன். அவன் காலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும், போல்ட் வந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது. அன்று மாலையே என் பெட்டிகளை ஏற்றியிருக்கலாம். ஆனால் அவன் நிஜமாகவே அழுத்தினான். நான் மொத்த உடம்பையும் பைப்பின் மேல் சாய்த்தேன். படாரென்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போல்ட் கழன்றிருந்தது.

"விடு, விடு, போதும்" என்று கத்தினேன்.

பிறகு சுலபம். பழைய புல்லியை இரண்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். புதியதை அச்சில் இருந்த காடிப் பள்ளம் பார்த்துச் செருகினேன். அவன் மறுபடி அழுத்த, நான் முறுக்கினேன். பெல்ட், சக்கரம், பேட்டரி எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கீச்சென்ற சத்தமே இல்லாமல் ஓடியது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியூர்க் கண்மாய்வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். வழியில், "அண்ணன் இருந்திருந்தா பொறாமப்பட்டிருப்பான் மதினி" என்றான். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றான். "சரி மதினி, சொன்னபடி இனி நான் பேசல" என்று பைக்கை உதைத்தான்.

ஒரு வாரமாகப் பதில்களை யோசித்து வைத்திருந்தேன். வற்புறுத்தினால் என்ன சொல்வது, கண் கலங்கினால் என்ன சொல்வது, அண்ணன் பேரை எடுத்தால் என்ன சொல்வது என்று. ஒன்றையும் சொல்ல வேண்டி வரவில்லை.

அவன் வாக்குத் தவறாதவன். அடுத்தடுத்த வருடங்களில் பொங்கலுக்கு வந்தான், ஊர்த் திருவிழாவுக்குச் சொல்ல வந்தான், காய்கறி கொண்டுவந்து போட்டான், கார் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தான். மாடி அறையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்தபடியே நின்றேன், இன்னொரு தரம் கூப்பிடுவான் என்று.