ஒரு மண்டலம் கடல்பாசி

கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் நன்றாகவே பெருத்துவிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வேறு என்ன வேலை எனக்கு? அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. சமைப்பேன், மிச்சத்தைச் சாப்பிடுவேன், தூங்குவேன்.

தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு வரச் சொல்லி விழா நடத்துவார்கள். பாட்டு, விளையாட்டு, பிறகு பிரியாணிப் பந்தி. அந்த வருடம் அவர் மட்டும் போனார். "கூட்டத்துல உனக்கு மூச்சு வாங்கும்" என்றார். அக்கறை மாதிரிதான் சொன்னார். நான் ஒன்றும் குழந்தையில்லை. என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவருக்கு வெட்கம். அடுத்த வருடம் அந்தப் பந்தியில் அவரோடு உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த விழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஸ்டேஷன் பக்கம் ஒருவர் கடல்பாசியைக் காயவைத்து இடித்த தூளை பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். ராமேஸ்வரத்துச் சரக்காம்.

"இன்னாமா யோசிக்கிற? ராவுக்கு சோத்தை உட்டுட்டு ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கலக்கிக் குடி. ஒரு மண்டலம் குட்ச்சா ஒடம்பு பாதியாப் பூடும்."

நாற்பத்தெட்டு நாள். நல்ல காரியம் என்று வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். கொழகொழவென்று, மீன் கூடையைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். வயிறு திம்மென்று அடைத்துக்கொள்ளும். அவருக்கு அப்போது இரண்டாவது ஷிப்டு. நான் ராத்திரி சாப்பிடாதது தெரியாது.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். "ஒரு மண்டலம் ராத்திரி சாப்பிடுறதில்லைக்கா, வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சேன்" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லவேயில்லியே கண்ணு. உன் வயித்துல ஒண்ணு தங்காமலா போயிடும்?"

பிள்ளைக்காக விரதம் என்று நினைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. இளைக்க மருந்து குடிக்கிறேன் என்றால் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கச் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் கிண்ணம் வரவில்லை. மீன் குழம்பு வைத்தால் என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள். சினிமாவுக்குக் கூப்பிடுவதில்லை, வம்பு பேச வருவதில்லை. எல்லாம் மரியாதை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்று அழுதிருக்கிறேன்.

ஆனால் இளைத்தேன். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். விழா அன்று கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வெகுநாள் கழித்து நன்றாகப் பார்த்தார்.

"லைன்ல எல்லாரும் சொன்னாங்க. எங்கிட்டகூட சொல்லாம விரதம் இருந்திருக்கியே" என்றார். "அங்க பிரியாணி போடுவாங்க. விரதத்துல நீ வரக்கூடாது. நான் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்."

விரதமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. "சரி" என்றேன். சைக்கிள் மணி தெருமுனை வரை கேட்டது.

மண்டலம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அந்தப் பாசியைக் குடித்தேன். லைன் முழுக்க எனக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது அவரும்.