சிக்கல் இல்லை, இரண்டு மதிப்பெண் குறைவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அஞ்சுவிரல் டீச்சர் என்று பேர். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. மெல்ல ஆசிரியர் அறைக்கு வந்து, ஒருநாள் தலைமையாசிரியையின் வாயிலிருந்தும் தவறி விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் பெருமைதான். ஏழாம் வகுப்புக்குச் சிறுகதைப் பாடம் எடுக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம். பத்தொன்பது வருஷமும் அதே கை, அதே விரல்கள்.

"கையை நீட்டுங்க" என்பாள். நாற்பது கைகள் நீளும். பெருவிரல் கதைமாந்தர், அது இல்லாமல் எதையும் பிடிக்க முடியாது. ஆள்காட்டி விரல் இடமும் காலமும். எங்கே, எப்போது என்று காட்டுகிற விரல். நடுவிரல் சிக்கல், மற்றதையெல்லாம் விட உயர்ந்து நிற்கும். மோதிர விரல் நிகழ்ச்சிகள். சுண்டுவிரல் கரு, ஓரமாக ஒதுங்கி இருக்கும், கதை முடிந்த பிறகுதான் கண்ணில் படும். "கருன்னா மஞ்சக்கருவா டீச்சர், வெள்ளைக்கருவா?" என்று வருஷத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுவார்கள். அவளும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பாள். நடுவிரலை மட்டும் தனியாக நீட்டக் கூடாது என்பது இடையில் ஒரு பெற்றோர் வந்து புகார் சொன்ன பிறகு சேர்த்த திருத்தம்.

இந்த வருஷம் பி பிரிவுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி ஒரு பக்கம் மட்டும் அமுங்கிக் கிடக்கும். அப்படியே வகுப்புக்குப் போய்விடுவாள். மற்றவர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு டீச்சர். இவள் மட்டும் வந்த வாரத்திலேயே மிஸ் ஆகிவிட்டாள்.

ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது. பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக இல்லை, குடம் குடமாக வந்து கொட்டும். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரிப்பு அடங்கக் காத்திருப்பாள். அடங்கும் நேரத்தில் அதில் ஒரு குரலைத் தேடுவாள். அந்தப் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவளுடைய மகள் இருந்தாள். ஆசிரியையின் பிள்ளை அவள் வகுப்பிலேயே படிக்கக் கூடாது என்பது பள்ளி விதி. அதனால் சொந்தப் பெண்ணுக்குச் சிறுகதை சொல்லிக்கொடுக்கும் பாக்கியம் ஸ்கூட்டர்காரிக்குப் போயிற்று.

வீட்டிலும் அந்தத் தடுப்பு வந்து நின்றது. "எங்க மிஸ் விரலெல்லாம் எண்ண மாட்டாங்கம்மா. ரெண்டே கேள்விதான். யாருக்கு என்ன வேணும்? அது ஏன் கிடைக்கல? அவ்வளவுதான் கதை."

"அப்ப இடம், காலம், கரு எல்லாம் காத்துல போயிடுமா?"

"அதெல்லாம் தானா வந்துடுமாம்."

"தானா வந்துடும்னா எங்களை எதுக்கு வேலைக்கு வச்சிருக்காங்க?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவர் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: "உனக்குப் பொறாமைல பவர் ஏறிக்கிட்டே போகுது. சீக்கிரம் கண்ணாடி மாத்தணும்."

"எனக்கென்ன பொறாமை? அந்தப் பொண்ணுக்கு இலக்கணமே தெரியாது."

மறுநாள் வகுப்பில், தன்னை மீறி, அந்த இரண்டு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தாள். முதல் வரிசையிலிருந்து உடனே ஒரு குரல்: "டீச்சர், இது பக்கத்து கிளாஸ் மிஸ்ஸோடது!" திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள்போல அவசரமாக அழித்தாள். கையை நீட்டச் சொன்னாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. இடைவேளையில் குழாயடிப் படியில் மகள் வழுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம். யாரோ சொல்லி டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, மிஸ் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில். மிஸ்ஸின் உடையெல்லாம் ரத்தமும் தண்ணீரும். "ஒண்ணும் இல்லக்கா, சின்னக் காயம்தான்" என்று அவள்தான் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னாள். "ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் டீச்சர், வேண்டாத கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல. முட்டி பத்து நாளில் ஆறிவிட்டது. அந்த மடி மட்டும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. பெண்ணின் மனசில் அந்த இடத்தை இனி யார் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. ஏ பிரிவின் தாள்களை பி பிரிவு ஆசிரியையும், பி பிரிவின் தாள்களை ஏ பிரிவு ஆசிரியையும் திருத்த வேண்டும். பேர் எழுதிய மூலையை மடித்து ஸ்டேப்ளர் அடித்திருப்பார்கள். மகளின் தாளை மட்டும் முன்கூட்டியே எடுத்து எட்டாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுவது ஏற்பாடு. இந்தத் தடவை அதை எடுக்க வேண்டிய மிஸ் மறந்துவிட்டாள்.

விடைத்தாள் கட்டில் இருபத்தாறாவது தாள். மூலை மடிந்துதான் இருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளுக்கு அந்த ழகரத்தின் வால் தெரியாதா? அப்போதே எழுந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். டீச்சர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. கதைக் கேள்விக்குத் திருப்பினாள். 'ஒருவருக்காக மற்றொருவர் காத்திருப்பதாக ஒரு பக்கக் கதை எழுதுக.' பத்து மதிப்பெண். விரலுக்கு இரண்டு.

மகள் இப்படி எழுதியிருந்தாள்:

'அந்தப் பெண்ணின் அம்மா அதே பள்ளியில் டீச்சர். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் சலுகை என்று மற்றவர்கள் பேசுவார்கள். ஒருநாள் அவள் குழாயடியில் விழுந்தாள். கீழே விழுந்தால் எல்லாரும் அம்மா என்றுதான் கத்துவார்கள். அவள் டீச்சர் என்று கத்தினாள். கீழே இருந்த மூன்று டீச்சர்கள் ஓடி வந்தார்கள். மாடியில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டது. ஆனால் யாரோ ஒரு பிள்ளை, கீழே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். மிஸ் அவளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.'

டீச்சருக்குக் காது சூடாயிற்று. கேட்டது என்பது உண்மை. அன்று மாடி வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். 'டீச்சர்!' என்று கீழே ஒரு அலறல். அடுத்த நோட்டைத்தான் எடுத்தாள். இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்ததை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், திருத்தியபின் தன் கைக்குத் திரும்பும்போது மிஸ் படிப்பாள் என்று நம்பித் தேர்வுத் தாளில் எழுதியிருக்கிறாள். அதுவும் அந்த மடி, அந்த மடி இங்கேயும் வந்துவிட்டது.

சிவப்புப் பேனா தானாக நகர்ந்தது. மாந்தர், இரண்டு. இடம் காலம், இரண்டு. நிகழ்ச்சி, இரண்டு. கரு, இரண்டு. ஓரத்தில் கொட்டை எழுத்தில்: 'சிக்கல் இல்லை.' எட்டு.

எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

திருத்திய கட்டைக் கூட்டல் சரிபார்க்க மறுபடி அந்தந்தப் பிரிவு ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணை மாற்றினால் இருவரும் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். மிஸ் மதியம் வரை எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு டீச்சரின் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். பாப்பா பேப்பரை எடுத்து வைக்க மறந்துட்டேன். நீங்களும் கவனிக்காம திருத்திட்டீங்க போல."

"கவனிக்காம இல்ல."

மிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையா, போட்டுக்கொண்டு விட்டுவிட்டாளா தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல சிக்கல் இல்லன்னு ரெண்டு மார்க் குறைச்சிருக்கீங்க."

"எங்க இருக்கு, காட்டு. சண்டை இருக்கா? எதிராளி இருக்கா? தடுக்கறவங்க யாரு?"

"யாருக்கு என்ன வேணும்னு பார்த்தா..."

"எனக்கே பாடம் எடுக்கறியாம்மா? நீ பாவாடை கட்டிட்டு பள்ளிக்கூடம் போன காலத்துலேயே நான் சிறுகதை நடத்தினவ."

பக்கத்து மேஜையில் கணக்கு டீச்சரின் பேனா நின்றது. மிஸ்ஸின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் டீச்சர் எதிர்பார்த்தாள். போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு இவளைத் தூக்கினேன் இல்லக்கா? 'டீச்சர் எங்க, டீச்சர் எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் லூசு மாதிரி, 'நான் டீச்சர்தான்டா, இங்கதான் இருக்கேன், சொல்லு'ன்னு சொல்லிட்டே இருந்தேன். அவளுக்குக் கோபமா வந்துச்சு. என் கையைத் தட்டி விட்டா. இந்தப் பேப்பரைப் படிக்கற வரைக்கும் எனக்குப் புரியவே இல்ல, உங்களைத்தான் கேட்டிருக்கான்னு."

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டாள். படிப்பதுபோல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். எழுத்து எதுவும் தெரியவில்லை. கையைத் தட்டிவிட்டாளாம். அந்த ஒரு சொல்லை மட்டும் மனசு எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பாவம் பார்க்க வேண்டிய நேரத்தில், இப்படி ஒரு சந்தோஷம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"பேனாவைக் கொடு" என்றாள்.

'சிக்கல் இல்லை' என்பதில் 'இல்லை'யை அடித்துவிட்டு மேலே 'உண்டு' என்று எழுதினாள். எட்டு பத்தாயிற்று. பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மிஸ்ஸும் போட்டாள்.

"நான் பேசினது தப்பும்மா."

"விடுங்கக்கா. எங்க வீட்ல இதைவிட மோசமா பேசுவாங்க."

தாள் கொடுத்த அன்று மகள் நேராகச் சமையலறைக்கு வந்து அதை மேடையில் விரித்தாள். டீச்சர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் கையெழுத்து."

"ஆமா."

"உனக்குக் கேட்டுச்சாம்மா அன்னைக்கு?"

குழாயை நிறுத்தினாள். "கேட்டுச்சு. வேற யாரோன்னு நினைச்சுட்டேன்."

"நானா யோசிச்சுத்தான் எழுதினேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கே." கையைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல குறைச்சுட்டேன். பொறாமை. உங்க மிஸ் மேல."

மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மாவுக்கும் இதெல்லாம் வருமா என்பதுபோல. "மிஸ் மடி ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்லம்மா. ஸ்கூட்டர் சாவி குத்துச்சு."

"இனிமே விழுந்தா அம்மான்னே கூப்பிடு. யார் என்ன சொன்னாலும் பரவாயில்ல."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் டீச்சர்தான்."

அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை டீச்சருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இடைவேளையில் மாடி வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது மைதானத்திலிருந்து 'அம்மா!' என்று ஒரு அலறல். நோட்டு கீழே விழுந்தது. இருபத்திரண்டு படியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. எதிரே மிஸ்ஸும் ஓடி வந்துகொண்டிருந்தாள். டீச்சர் நாலு அடி முந்திக்கொண்டாள். கீழே கிடந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பந்து மூக்கில் பட்டிருக்கிறது. விழுந்தால் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தானே கத்தும்!

"அக்கா, மாடியிலேர்ந்து எப்படி அதுக்குள்ள வந்தீங்க?" என்றாள் மிஸ், மூச்சு வாங்க.

டீச்சர் தரையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்து எட்டிப் பார்த்தாள், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

"நான் இல்ல, டீச்சர்" என்றாள்.

"தெரியும், தெரியும்" என்றாள் டீச்சர். "அந்தத் தண்ணியை இப்படிக் கொடு."