காவல் இல்லாத கர்னல்

இது கட்டுக்கதை இல்லை. டா நாங் துறைமுகத்துக்குப் பின்னால் அந்த அலுவலகம் இன்னும் இருக்கிறது. நியானுக்கு இது நடந்தது பட்டப்பகலில்.

கிரேன்களை ஓட்டும் கணினிப்பெட்டி செய்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற மூல நிரலான கர்னலைக் கட்டுவது நியான். அதைக் கிரேனில் மாட்டிச் சோதிப்பது தொவாய். பெட்டி திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்றான் அவன். நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் கத்துகிற காவலைச் சேர்த்துக் கட்டித் தரச் சொன்னான்.

நிரலைக் கட்டித் தருகிற கம்பைலர் என்னும் கருவியில் கட்டும்போது திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இந்தக் கம்பைலருக்கு அந்தக் காவலைச் சேர்க்கத் தெரியாது. வரி மேலே ஓடிப்போனது. கர்னல் காவலில்லாமலே கட்டி முடிந்தது. அந்த வரியை நியான் பார்த்தாள். கம்பைலரை மாற்றினால் ஒருநாள் வேலை. சோம்பல்.

பெட்டியை ஓட்டிப் பார்த்தார்கள். எதுவும் கத்தவில்லை. தொவாய் வழக்கம்போல் தலைக்கவசத்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"சுத்தமா, தங்கச்சி?"

"சுத்தம்ண்ணே. நம்பிப் போங்க."

போனான். தொங்கிய கண்டெய்னரைக் கொக்கி விட்டுவிட்டது. அவன் கீழே நின்றிருந்தான்.

மாதம் ஒன்று போனது. விடிந்தால் அதே கிரேனுக்கு வேறொருவன் போகவேண்டும். நியான் பழைய கம்பைலரிலேயே மறுபடி கட்டினாள். மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே.

மத்தியானம். சாப்பிட்டு, விளக்கணைத்து, மேசைக்கடியில் மடக்குக்கட்டிலை விரித்து எல்லோரும் தூங்கினார்கள். தொவாயின் கட்டில் மட்டும் பக்கத்து மேசைக்கடியில் மடித்தபடி.

டொக்... டொக்...

நியான் அசையவில்லை.

கிரீச்... கட்டில் விரிகிற சத்தம்.

கண் திறந்தாள். பக்கத்துக் கட்டில் விரிந்திருந்தது. நடுவில் ஆள் படுத்த பள்ளம்.

அவள் மேசையில், புதிதாகக் கட்டிய கர்னல் ஓடிய சோதனைப்பெட்டியின் திரை எரிந்தது. காவல் கத்தியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவக இடத்தை நிரல் இன்னும் தொடுகிறது... கொக்கியைப் பிடிக்கிற வரியில்.

காதோரம் மூச்சு.

"சுத்தமா?"

விளக்குப் போட்டதும் தலைவி ஹுவோங்கிடம் திரையைக் காட்டினாள். பிழை உண்மை. திருத்தினார்கள். மறுநாள் போனவன் உயிரோடு திரும்பினான்.

அதற்கப்புறம்தான் ஹுவோங் கர்னல் கட்டிய பதிவைத் திறந்து பார்த்தாள். பழைய கம்பைலர். அதே ஒரு வரி. அந்தக் கர்னலில் காவலே இல்லை.

"இல்லாத காவல் எப்படிடி கத்தும்?" பதிவை ஒரு மாதம் பின்னுக்கு நகர்த்தினாள். "தொவாய்க்குக் கட்டிக் குடுத்ததும்... இதுலதானா?"

நியான் தலையைத் திருப்பினாள்.

பக்கத்து மேசையில் யாருமில்லை.

டொக்... டொக்...