சாபித் தின்ற புறா

சாபித்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வரக்கூடாது. லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே நைல் நதியில் ஓடும் சொகுசுக் கப்பலில் நான் சமையல்காரன், அவன் பரிமாறுகிறவன். இருவருக்கும் எஸ்னா பக்கம் ஒரே ஊர். ஒன்பது வருஷமாக ஒரே கப்பலில் இருக்கிறோம். நான் சமைத்ததில் ஒரு வாய் அவன் தின்றதில்லை.

காரணம் கரும்புத் தோட்டத்துத் தண்ணீர். வாய்க்கால் தகராறில் என் அண்ணன் கெனாவி வீசிய தடியில் சாபித்தின் தம்பிக்கு ஒரு கண் போனது. அண்ணன் அன்றைக்கே சூயஸுக்கு ஓடிவிட்டான். எங்கள் ஊரில் ஒருவன் கையால் ரொட்டியும் உப்பும் தின்றுவிட்டால் அவன் வீட்டோடு பகை தீர்ந்தது. அதற்குமேல் கை ஓங்கக்கூடாது. சாபித் நாலு பேர் பார்க்க என் சமையலைத் தின்றால் போதும், அண்ணன் ஊர் திரும்பலாம். அம்மா முன்பெல்லாம் பெருநாளுக்குப் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது முட்டி விட்டுவிட்டது, வாசல் தாண்டுவதே பெரும்பாடு.

"கெனாவி வந்து எங்கம்மா வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்." இதுதான் சாபித்தின் ஒரே பாட்டு.

அந்த மனுஷனின் பிழைப்பைப் பாருங்கள். மேஜை மேஜையாகக் குனிந்து, "இன்னிக்கு மொலொகியாக் கீரை அமிர்தம், மேடம். எங்க ஆளு கைக்கு முத்தம் குடுக்கலாம்" என்பான். விருந்தினர்கள் சொக்கிப்போவார்கள். பிறகு படிக்கட்டுக்குக் கீழே போய், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த காய்ந்த ரொட்டியையும் மூக்கைத் துளைக்கும் பழைய பாலாடைக்கட்டியையும் வெங்காயத்தோடு கடிப்பான். நோன்பு திறக்கக்கூட என் பேரீச்சம்பழத்தைத் தொடமாட்டான். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, இரக்கப்பட்டு அல்ல, இதுதான் சமயம் என்று சூப் அனுப்பினேன். வேறொருவன் வைத்தது என்று சொல்லச் சொல்லியிருந்தேன். மோந்து பார்த்துவிட்டு, "பூண்ட இப்படிக் கருக்கறவன் இந்தக் கப்பல்ல ருஷ்தி ஒருத்தன்தான்" என்று திருப்பி அனுப்பினான். காய்ச்சலிலும் கொழுப்பு குறையவில்லை.

எத்ஃபூவில் கப்பல் நின்றிருந்த அன்று எகிப்திய விருந்து. சாப்பிட வந்தவர்கள் வாடகை அங்கியைப் போட்டுக்கொண்டு உலாவினார்கள். நான் கூடத்திலேயே அடுப்பு வைத்து, பச்சைக் கோதுமை அடைத்த புறாக்களை வாட்டிக்கொண்டிருந்தேன். முன் மேஜையில் தாந்தா நகரத்துக் கான்ட்ராக்டர் பஸ்யூனியும் அவர் மனைவியும். பஸ்யூனிக்குத் தாராளம் வந்துவிட்டது.

"நீ வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க, தம்பி. இந்தா, இந்தப் புறா உனக்கு."

"வயிறு நெறஞ்சிருக்கு, ஹாஜி. நீங்க நல்லா இருக்கணும்," என்றான் சாபித்.

"என்னத்த நெறஞ்சிருக்கு? உக்காந்து சாப்பிடுய்யா."

"மன்னிச்சுக்குங்க ஹாஜி, வேண்டாம்."

பஸ்யூனி மேஜையை ஓங்கித் தட்டினார். "நீ இதச் சாப்பிடலன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

அந்தம்மா எழுந்துவிட்டாள். "அட பாவி மனுஷா! தர்பூசணிக்கு ஒரு தடவ, உன் தங்கச்சி வீட்டு விருந்துல ஒரு தடவ, ரெண்டு ஏற்கனவே போயாச்சு. இது மூணாவது! ஒரு புறாவுக்காக என்னத் தெருவுல நிறுத்தப்போறியா?"

மூன்றாவது போனால் திரும்ப வழியில்லை. வாத்தியக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

"சாப்பிடுடா சாபித்!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். "ஒரு குடும்பத்தக் கெடுக்காத!"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உட்கார்ந்தான். காலைப் பிய்த்தான், நெஞ்சைப் பிய்த்தான், உள்ளே இருந்த கோதுமையை விரலால் வழித்துத் தின்றான். கூடம் கைதட்டியது. அந்தம்மா அவன் பிள்ளைகுட்டிகளை எல்லாம் வாழ்த்தினாள். நான் பின்கட்டுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தின்னுட்டான்! எல்லாரும் பாத்தாங்க. கெளம்பி வா!"

"நெசமாவா? அம்மாகிட்ட சொல்லிட்டியா?" அவன் அழுதான். நானும்தான்.

அப்போது சாபித் காலித் தட்டோடு உள்ளே வந்தான். "உன் அண்ணனா? வர வேண்டாம்னு சொல்லு."

"ஏன்? என் உப்பத் தின்னுட்ட இல்ல?"

"எந்த உப்ப? ஹாஜிக்கு ரத்தக் கொதிப்பு. உப்பில்லாம ஒரு புறா வேணும்னு நான்தான் வந்து சொன்னேன், நீதான் தனியா வெச்ச. அதத்தான் அவர் எனக்குக் குடுத்தாரு. ரொட்டியையும் நான் தொடல."

அவன் நிதானமாகக் கை கழுவினான்.

"எங்கம்மா வாசல் அங்கயேதான் இருக்கு, ருஷ்தி. போனது என் தம்பி கண்ணுதான், வாசல் எங்கயும் போயிடல."

அவன் போய்விட்டான். போனில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றேன், "ஒரே ஒரு தடவ வந்து அந்த வாசல்ல நின்னுடேன். நானும் கூட நிக்கறேன். அம்மாவால இனிமே சூயஸுக்கு வர முடியாது."

"அவ வாசல்லயா? நானா?" என்றான் கெனாவி. "போடா வேலையப் பாத்துக்கிட்டு."

லைனைத் துண்டித்துவிட்டான். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக என் அம்மாவையும் அவள் மகனையும் பிரித்து வைத்தவன் சாபித் என்று நினைத்து அவனைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கெனாவி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் கண்ணை நானே பிடுங்கியிருப்பேன்.