ஒரு பட்டை குறைந்த ஜீப்

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பில்தான் என் கணவர் தினமும் லால்குடி வயல்களைப் பார்வையிடப் போகிறார். எங்கள் கைக்குழந்தையும் அதில்தான் டாக்டரிடம் போகிறான். அது தூக்கிப்போடும்போதெல்லாம் எனக்கு உயிரே போய்விடும்.

இன்று புத்தூர் பட்டறைக்குப் போனோம்.

"ஸ்பிரிங்கை மொத்தமா மாத்திடுங்க பாய்," என்றேன்.

"வேணாம்மா, ஸ்பிரிங் அடுக்குல ஒரு பட்டையைக் கழட்டுனா போதும். ரொம்ப இளக்குனா வரப்புல வண்டியோட அடி தட்டும்," என்றார் மெக்கானிக்.

கழற்றினார். ஸ்ரீரங்கம் திரும்பும்போது வண்டி மெத்தென்று போனது. வழக்கமாக ஏறியதும் தூங்கிவிடும் பிள்ளையோ, ஆற்றுப் பாலம் முழுக்க வீரிட்டு அழுதான்.

"பழைய குலுக்கலைக் கேக்குறான்டி," என்ற கணவர், வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினார். அடுத்த பள்ளத்தில் பிள்ளை தூங்கிவிட்டான்.

வண்டியை நிறுத்தினால் விழித்துக்கொள்கிறான். ஸ்ரீரங்கத்தில் நல்ல பள்ளமான தெரு தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.